பரீட்சைக்கு இன்னும் ஏழே நாள்!

சாலையில் விபத்து. யாரோ ஒருவர் 108-க்குப் போன் செய்கிறார். வண்டி வந்து நிற்கிறது. பின்கதவைத் திறந்துகொண்டு ஒருவர் பையுடன் ஓடி வருகிறார்.

"டாக்டர் வந்துட்டாரு, வழி விடுங்க!" என்று கூட்டம் கத்துகிறது.

வந்தவர் டாக்டர் அல்ல. அவசர சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். அடிபட்ட இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அவருடைய வேலை. வெளிநாடுகளில் இவர்களைப் "பாராமெடிக்" என்கிறார்கள். நம் ஊரில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்துப் "பாராமெடிக்கல்" என்று சொல்லிவிடுகிறோம். அதனால் இந்த வேலைக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

"விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம்" என்பது அந்தப் படிப்பின் பெயர். அதைப் படிக்கும் ஒரு பெண், பரீட்சைக்கு முந்திய வாரத்தை எப்படிக் கழிக்கிறாள்? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

இவள் ஒருத்தி அல்ல. பல மாணவ மாணவிகளின் வாரத்தைச் சேர்த்து ஒரு பெண்ணின் வாரமாக எழுதியிருக்கிறோம். ஆகையால் பெயர் வேண்டாம். "மாணவி" என்றே அழைப்போம்.

"டாக்டருக்கா படிக்கிறாய்?"

மாணவிக்கு விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். வேர்க்கடலை போடுகிறார். மீதி நாளில் கூலி வேலை. அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறாள். வீட்டில் பிளஸ் டூ தாண்டிய முதல் ஆள் இவள்தான்.

ஊருக்குப் போனால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. "டாக்டருக்கா படிக்கிறே?" இல்லை என்றால், "அப்போ நர்ஸா?" அதுவும் இல்லை என்றால், "வேற என்னதான் படிக்கிறே?"

அவள் சேர்ந்த படிப்பு மூன்று ஆண்டு. அதன் பிறகு ஆஸ்பத்திரியில் ஓராண்டுப் பயிற்சி. இப்போது நடக்கப் போவது மூன்றாம் ஆண்டுப் பரீட்சை. நூற்றுக்கு 50 எடுத்தால்தான் தேர்ச்சி. தவறினால் பயிற்சி தள்ளிப் போகும். பயிற்சி தள்ளிப் போனால் சம்பளமும் தள்ளிப் போகும். ஹாஸ்டல் கட்டணத்துக்காக அம்மாவின் கம்மல் பாங்கியில் இருக்கிறது. வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை முழுவதும் கையெழுத்து வேட்டை! செய்முறைப் பாடங்களை எழுதி வைக்கும் ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் பேராசிரியர் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்து இல்லாத நோட்டுடன் செய்முறைத் தேர்வுக்குப் போக முடியாது. பேராசிரியரோ வார்டில் இருக்கிறார், பிறகு கூட்டத்தில் இருக்கிறார், பிறகு ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். நோட்டைத் தூக்கிக்கொண்டு ஐந்து பெண்கள் மாடிப்படி ஏறி இறங்கினார்கள். மாலை 4 மணிக்கு வேலை முடிந்தது.

இதைவிடப் பெரிய கவலை வேறு ஒன்று. பாடமெல்லாம் இங்கிலீஷ். அவள் பிளஸ் டூ வரை படித்தது தமிழில். மூன்று ஆண்டில் புத்தகத்தைப் புரிந்துகொள்ளக் கற்றுவிட்டாள். எழுதவும் எழுதிவிடுவாள். ஆனால் "வைவா" என்னும் வாய்மொழித் தேர்வில், எதிரே உட்கார்ந்து ஒருவர் இங்கிலீஷில் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. போன ஆண்டு விடை தெரிந்தும் வாய் திறக்கவில்லை. தட்டுத் தடுமாறித் தேறினாள்.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு நாளும் இரவு அப்பாவுக்குப் போன் செய்து, அன்று படித்த பாடத்தை அவருக்குப் புரிகிற தமிழில் சொல்கிறாள். அப்பாவுக்குப் புரிந்தால் தனக்குப் பாடம் தெரியும் என்று பொருள். அப்பா குறுக்குக் கேள்வி கேட்டால், மறுபடி புத்தகத்தைப் புரட்ட வேண்டும்! பொருள் நெஞ்சில் தெளிவாக இருந்தால் இங்கிலீஷ் வார்த்தை தானாக வரும் என்பது அவள் கணக்கு. நமக்கும் சரியான கணக்காகத்தான் படுகிறது.

ஒன்று, இரண்டு, மூன்று...

செவ்வாய்க்கிழமை செய்முறைப் பயிற்சி. தரையில் ஒரு ரப்பர் பொம்மை. இதயம் நின்றுபோன மனிதன் என்று அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பொம்மையை முதலில் செய்தவர் நார்வே நாட்டுப் பொம்மை வியாபாரி. லேர்டால் என்று பெயர். 1960-ல் செய்தார். நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தியே நின்ற இதயத்தை வேலை செய்ய வைக்கலாம் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதியதும் அதே 1960-ல்தான்.

விதி இது. நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைக்கவேண்டும். அதன் மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்தவேண்டும். 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 30 முறை அழுத்தினால் 2 முறை மூச்சுக் கொடுக்கவேண்டும்.

அப்படியானால் 30 அழுத்தத்தையும் 15 முதல் 18 விநாடிக்குள் முடித்தாக வேண்டும். வாயால் எண்ணிக்கொண்டே அழுத்த வேண்டும். இங்கேதான் மாணவிக்கு இடைஞ்சல் வந்தது. "ஒன்று, இரண்டு" என்று தொடங்கினால் பத்து வரை ஓடுகிறது. "இருபத்தொன்று, இருபத்திரண்டு" என்று சொல்வதற்குள் கை முந்திப் போய்விடுகிறது! வாய்க்கும் கைக்கும் சண்டை. ஆகவே பத்துப் பத்தாக மூன்று தடவை எண்ணுகிறாள். இப்போது தப்புவதில்லை.

இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள். வியர்வை சொட்டும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறவேண்டும் என்று விதி இருக்கிறது.

ஆனால் பொம்மை மேல் கை வைப்பதற்கு முன்பே மார்க்கு தொடங்கிவிடுகிறது. முதல் மார்க்கு எதற்குத் தெரியுமா? சுற்றிலும் பார்ப்பதற்கு! இடம் ஆபத்து இல்லாததா? மின்கம்பி அறுந்து கிடக்கிறதா? வண்டிகள் வருகின்றனவா? இதைப் பார்க்காமல் நேரே ஓடிப்போய்த் தொட்டால் மார்க்கு போச்சு.

இது வெறும் சடங்கு அல்ல. கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்கியவர் விழுவார். அவரைக் காப்பாற்ற மூன்றாவது ஆள் இறங்குவார். விஷவாயு மூவரையும் கொண்டு போய்விடும். இப்படிப்பட்ட செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

அன்று இரவு அப்பா கேட்டார். "ஆளு சாகக் கெடக்கிறான். நீ நின்னு சுத்திப் பாத்துக்கிட்டு இருப்பியாம்மா?"

"நானும் விழுந்துட்டா அவர யாருப்பா தூக்குறது?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிதான்" என்றார்.

20 நிமிடம்

புதன்கிழமை இரவு ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. பரீட்சை வருகிறது என்று நோயாளி வராமல் இருப்பாரா?

இரவு 11 மணிக்கு ஒரு விவசாயியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மோட்டார் போடப் போனவர். வரப்பில் பாம்பு கடித்துவிட்டது. கணுக்கால் வீங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே கயிறு இறுகக் கட்டியிருந்தது.

கயிறு கட்டக் கூடாது. ஆனால் கட்டி வந்ததை வாசலிலேயே அறுத்து எறியவும் கூடாது. தேங்கி நின்ற விஷம் ஒரேயடியாக உடம்பில் ஏறக்கூடும். டாக்டர் பக்கத்தில் இருந்து, மருந்து தயாராக இருக்கும்போதுதான் அவிழ்க்க வேண்டும். அப்படியே செய்தார்கள்.

மாணவிக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய். அதில் நோயாளியின் ரத்தம் கொஞ்சம். 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ரத்தத்தில் கலந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் உதவாது. இவ்வளவு சின்ன சோதனை! மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஒரு குழாய், ஒரு கடிகாரம், பொறுமை. இவ்வளவுதான். புத்தகத்தில் இது மூன்று வரி. ஆனால் அந்த 20 நிமிடம் எவ்வளவு நீளம் என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

விவசாயியின் மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

"டாக்டரம்மா, என்ன ஆச்சு?"

"நான் டாக்டர் இல்லீங்கம்மா. இன்னும் 14 நிமிஷம் இருக்கு."

"இப்பப் பாக்கக் கூடாதா?"

"ஆட்டக் கூடாதும்மா. ஆட்டினா தப்பாக் காட்டும்."

மறுபடி இரண்டு நிமிடம் கழித்து அதே கேள்வி. மாணவி கடிகாரத்தைக் கழற்றி அந்த அம்மாள் கையிலேயே கொடுத்தாள். "பெரிய முள்ளு நாலுக்கு வந்ததும் சொல்லுங்க" என்றாள். அந்த அம்மாள் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முள் நாலுக்கு வந்தது. குழாயைச் சாய்த்தாள். ரத்தம் ஓடியது.

டாக்டர் விஷமுறிவு மருந்து ஏற்றச் சொன்னார். முதல் தவணை 10 குப்பி. பெரியவருக்கும் அதே அளவு, குழந்தைக்கும் அதே அளவு. ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துவிடுவது இல்லை.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். இந்த மருந்து செய்ய விஷம் எடுத்துத் தருவதில் பெயர் பெற்றவர்கள் நம் இருளர் மக்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது.

காலையில் வேலை முடிந்தபோது விவசாயி கண் விழித்திருந்தார். முடிவு சொல்ல நேரம் ஆகவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

வியாழக்கிழமை? தூங்கினாள். அதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை. இரவில் மட்டும் அப்பாவுக்குப் போன். அன்று பாடம் வழக்கத்தைவிட நீளம்.

"கட்டலன்னா வெஷம் தலைக்கு ஏறிடாதாம்மா?"

"கயிறு வெஷத்த நிறுத்தாதுப்பா. ரத்தத்தத்தான் நிறுத்தும். காலே அழுகிப் போயிடும். கால ஆட்டாம, எலும்பு முறிஞ்சா கட்டுவாங்களே, அந்த மாதிரி பலகை வெச்சுத் தளர்வாக் கட்டணும். மோதிரம், மெட்டி, கொலுசு எல்லாம் கழட்டிடணும். வீங்கினா எடுக்க முடியாது. நடக்க விடக் கூடாது. வாய் வெச்சு உறிஞ்சக் கூடாது. கத்தி வெச்சுக் கீறக் கூடாது."

"பாம்ப அடிச்சு எடுத்துட்டுப் போவணுமா?"

"வேணாம்பா. அதுவரைக்கும் நேரம் வீண். நாலுக்கும் ஒரே மருந்து."

"அப்ப மந்திரிக்கிறது?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து மந்திரிச்சுக்கோங்க."

அப்பா சிரித்தார். ஆனால் மகள் சிரிக்கவில்லை. அப்பாவும் இரவில் கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடப் போகிறவர்தானே! "டார்ச்சும் பூட்சும் இல்லாம வரப்புல கால் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள்.

பை பிடித்த மாணவர்கள்

வெள்ளிக்கிழமை எழுத்துப் பாடம். 3 மணி நேரப் பரீட்சை. அதில் பழைய வரலாறும் ஐந்து மார்க்குக்கு வரலாம்.

1960-களில் அமெரிக்காவில் பல ஊர்களில் நோயாளியை ஏற்றிக்கொண்டு போனது யார்? போலீஸ் வண்டி! இல்லாவிட்டால் பிணம் தூக்கும் கம்பெனியின் வண்டி! 1967-ல் பிட்ஸ்பர்க் நகரில் பீட்டர் சஃபார் என்ற டாக்டர், வேலை இல்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். வண்டிக்குள்ளேயே சிகிச்சை செய்ய அனுப்பினார். "ஃப்ரீடம் ஹவுஸ்" என்று அந்தச் சேவைக்குப் பெயர். ஒன்றுக்கும் உதவமாட்டார்கள் என்று ஊர் சொன்ன இளைஞர்கள், இந்தத் தொழிலுக்கே முன்னோடி ஆனார்கள். நம் நாட்டில் 108 சேவை 2005 ஆகஸ்டில் ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. 2021-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டம் இந்த வேலையையும் மருத்துவத் தொழில்களின் பட்டியலில் சேர்த்தது.

மாணவிக்கு மிகவும் பிடித்தது இன்னொரு கதை. அவள் கையில் அன்றாடம் இருக்கும் ரப்பர் பையின் கதை. மூச்சு நின்றவருக்கு மூக்கையும் வாயையும் மூடி வைத்துப் பையை அமுக்கினால் காற்று நுரையீரலுக்குப் போகும்.

1952-ல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சு விட முடியாமல் குழந்தைகள் செத்தார்கள். மூச்சு மெஷின்கள் விரல் விட்டு எண்ணும் அளவே இருந்தன. இப்சன் என்ற டாக்டர், 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, பையைக் கையால் அமுக்கிக் காப்பாற்றினார். சரி, மற்றவர்களுக்கு? இரவு பகலாக யார் அமுக்குவது?

மாணவர்கள் வந்தார்கள்! ஏறக்குறைய 1500 பேர். முறை வைத்துக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் பையை அமுக்கினார்கள். அவர்களுக்கும் பரீட்சை இருந்திருக்கும்.

1956-ல் அதே நாட்டைச் சேர்ந்த ரூபன் என்ற டாக்டர், சிலிண்டர் இல்லாமல் தானே காற்றை இழுத்து நிரம்பிக்கொள்ளும் பையை உண்டாக்கினார். இன்று "அம்பு பேக்" என்று எல்லா ஆம்புலன்ஸிலும் இருப்பது அந்த வம்சம்தான். நாடி இருந்து மூச்சு மட்டும் நின்ற பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு முறை அமுக்க வேண்டும். பதற்றத்தில் கை வேகமாக ஓடும். ஓட விடக் கூடாது. வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும்.

ஓடப் பார்த்த ஆட்டோக்காரர்

சனிக்கிழமை பகல் வேலை. அவசரப் பிரிவில் வருகிறவர்களை வந்த வரிசையில் பார்ப்பது இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். நடந்து வந்தவர் பச்சை. கையில் கீறலுடன் முதலில் வந்தவர் சண்டைக்கு வருவார். அவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஓர் ஆட்டோக்காரர், சைக்கிளில் அடிபட்ட பையனைத் தூக்கி வந்தார். கட்டிலில் போட்டுவிட்டு ஓடப் பார்த்தார்.

"ஏன் அண்ணா ஓடுறீங்க?"

"கேஸு கீஸுன்னு இழுத்துடுவாங்கம்மா. எனக்குப் பொழப்பு கெடும்."

பயப்பட வேண்டாம். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு, உதவி செய்பவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற விதிகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது சேர்ந்தது. பெயரோ முகவரியோ சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேட்பது இல்லை. மாணவி இதைச் சொன்னதும் ஆட்டோக்காரர் பத்து நிமிடம் நின்று, பையன் கண் திறந்ததைப் பார்த்துவிட்டே போனார்.

அந்தப் பையனின் மயக்கத்தை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. கிளாஸ்கோ நகர டாக்டர்கள் இருவர் 1974-ல் கொடுத்த கணக்கு. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. மொத்தம் 15. இதில் வேடிக்கை என்னவென்றால் பூஜ்யமே கிடையாது. ஒன்றுமே செய்யாதவருக்கும் 3 உண்டு. "எங்க பரீட்சையிலயும் இப்படி வெச்சா நல்லா இருக்கும்" என்று மாணவிகள் சொல்லிக்கொள்வார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் மாணவி மேல்மாடி வார்டுக்கு ஓடினாள். பாம்பு கடித்த விவசாயி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ரத்தம் உறைந்துவிட்டது. அவர் மனைவி, "கடிகாரம் குடுத்த பொண்ணு" என்று பக்கத்துக் கட்டிலுக்குக் காட்டினாள்.

அப்பா கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைக் கோட்டு துவைத்துக் காய்ந்தது. விநாடி முள் உள்ள கடிகாரம், ஹால் டிக்கெட்டு, ரெக்கார்டு நோட்டு எல்லாம் மேஜை மேல். கடைசியாக ஒரு கணக்கு. 1500 லிட்டர் பிராணவாயு உள்ள சிலிண்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது. எவ்வளவு நேரம் வரும்? 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி. பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரப் பயணம் என்றால் இன்னொரு சிலிண்டர் வேண்டும். வண்டி கிளம்பும் முன்பே இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரவு 8 மணிக்கு அப்பாவே போன் செய்தார்.

"இன்னிக்கு நான் கேள்வி கேக்குறேன். நீ பதில் சொல்லு. இங்கிலீசுலயே சொல்லு."

"உங்களுக்குப் புரியாதேப்பா?"

"எனக்குத்தான் வெவரம் தெரியுமே. நீ நிக்காம பேசுறியான்னு பாக்குறேன்."

பாம்புக்கடியில் தொடங்கி, நெஞ்சை அழுத்துவது வரை அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். மாணவி இங்கிலீஷில் சொன்னாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரே ஓர் இடத்தில் நின்றாள். "ம், அப்புறம்?" என்றார் அப்பா. வார்த்தை வந்துவிட்டது. பிறகு அம்மா போனை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலை 9 மணி. செய்முறைத் தேர்வு. மாணவியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அறைக்குள் தரையில் பொம்மை கிடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஸ்டார்ட்" என்றார்.

மாணவி பொம்மையிடம் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, அறையைச் சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். தேர்வாளர் தாளில் முதல் மார்க்கைப் போட்டார்.